ஒன்றிலிருந்து ஆறு வரை

தாயம் விளையாட்டைக் கைபேசிக்குக் கொண்டுவர நினைப்பவர் முதலில் எழுத வேண்டியது கட்டை உருட்டும் பகுதியை. நிரல் எழுதப் பழகி இரண்டு மாதமே ஆனவர்கூட அதை ஒரே வரியில் முடித்துவிடலாம். அந்த ஒரு வரியில் எத்தனை இடங்களில் சறுக்கலாம் என்பதுதான் சுலபத்தில் தெரியாது. கூட்டல் கணக்கு தப்பினால் விடையைப் பார்த்ததும் பிடித்துவிடுவோம். ரேண்டம் எண் தப்பினால் அதுவும் சரியான விடையைப் போலவே இருக்கும். "4 வந்திருக்க வேண்டும், 3 எப்படி வந்தது?" என்று யாரும் சண்டை போட முடியாது.

கணினிக்குள் இங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன. எளிதில் ஊகிக்க முடியாதபடி எண்களை வரிசையாகத் தந்துகொண்டே இருப்பது ஒன்று. வந்த எண்ணை நமக்கு வேண்டிய எல்லைக்குள், அதாவது 1 முதல் 6 வரை, 0 முதல் 3 வரை என்று அடக்குவது மற்றொன்று. முதல் வேலையைக் கணிதம் படித்தவர்கள் முக்கால் நூற்றாண்டாகச் செதுக்கி, நிரல்மொழியோடு சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது பெரும்பாலும் நம் தலையில் விழுகிறது. தவறுகளில் பெரும்பங்கும் அங்கேதான் நடக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் முதல் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சமாவது தெரியாமல் இரண்டாவதைச் சரியாகச் செய்ய முடியாது.

கணினி எதையும் உருட்டுவதில்லை, கணக்குத்தான் போடுகிறது. அதே எண்ணில் தொடங்கினால் அதே விடைதான் வரும். அமெரிக்கக் கணிதவியலாளர் டி. எச். லெமர் 1949-இல் முன்வைத்த வழி இன்றும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது: முந்தைய எண்ணை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி, மற்றொரு பெரிய எண்ணால் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்வது. நடுவில் ஒரு கூட்டலைச் சேர்த்துக்கொண்டது பிற்பாடு. இதைக் காகிதத்திலேயே செய்துபார்க்கலாம். பொம்மை அளவில் ஒன்று: முந்தைய எண்ணை 5-ஆல் பெருக்கு, 3 கூட்டு, 16-ஆல் வகுத்து மீதியை எடு. 4-இல் தொடங்கினால் 20, அதோடு 3 சேர்த்து 23, மீதி 7. அந்த 7 அடுத்ததாக 38 ஆகி 6 தரும். தொடர்ந்து போட்டால் வரிசை இப்படி வரும்: 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4. பதினாறு எண்களும் ஒவ்வொரு முறை வந்துவிட்டன. 4 வந்ததும் மறுபடி 7, மறுபடி 6 என்று சுற்று ஆரம்பத்துக்குத் திரும்பிவிடும்.

நிஜ நிரல்களில் 16-க்குப் பதில் இருநூறு கோடிக்கு மேற்பட்ட எண் இருக்கும், சுற்றும் அந்த அளவுக்கு நீளும். மற்றபடி இயங்கும் விதம் இதுவே.

இப்போது இந்தப் பொம்மையைக் கொண்டு தாயக்கட்டை உருட்டலாம். கட்டை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம், பக்கங்களில் 0, 1, 2, 3. இரண்டையும் கூட்டினால் விழுந்த எண். ஒன்று விழுந்தால் தாயம், அது விழுந்தால்தான் காய் இறங்கும். இரண்டிலும் 0 விழுந்தால் பன்னிரண்டு. ஆக நமக்கு வேண்டிய எல்லை 0 முதல் 3 வரை. வந்த எண்ணை 4-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 7-இன் மீதி 3, 6-இன் மீதி 2, 1-இன் மீதி 1, 8-இன் மீதி 0. அடுத்து 11-க்கு 3, 10-க்கு 2, 5-க்கு 1, 12-க்கு 0. கடைசி வரை இதேதான்: 3, 2, 1, 0, 3, 2, 1, 0. இரண்டிரண்டாகக் கூட்டினால் ஐந்து, தாயம், ஐந்து, தாயம். ஐந்துக்கும் தாயத்துக்கும் மறு ஆட்டம் உண்டு என்ற விதியோடு ஆடினால், முதலில் உட்கார்ந்தவர் கட்டையைக் கீழே வைக்கவே மாட்டார்.

இது பொம்மை என்பதால் மட்டும் வந்த கோளாறு அல்ல. பெருக்கலில் கடைசி இலக்கத்தைத் தீர்மானிப்பவை கடைசி இலக்கங்கள் மட்டுமே. முன்னால் நிற்கும் பெரிய இலக்கங்களுக்கு அதில் பங்கே இல்லை. 237-ஐ 43-ஆல் பெருக்கினாலும் 7-ஐ 3-ஆல் பெருக்கினாலும் கடைசி இலக்கம் 1-தான். கணினி இரும எண்களில் கணக்குப் போடுகிறது. வகுக்கும் எண் பெரும்பாலும் 2-இன் அடுக்காக இருக்கும். அப்போது கடைசி இரும இலக்கம் ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறியே வரும். கடைசி இரண்டு இலக்கங்கள் நான்கு படிக்கு ஒருமுறை திரும்பிவிடும். மேல் இலக்கங்கள்தான் நன்றாகக் குலுங்கியிருக்கும். சி மொழியின் தர ஆவணம் மாதிரிக்கு ஒரு ரேண்டம் வழிமுறையைத் தருகிறது. முந்தைய எண்ணை 1103515245-ஆல் பெருக்கி 12345 கூட்டுவது அதன் முதல் பாதி. அதை அப்படியே கையில் கொடுத்துவிடாமல், 65536-ஆல் வகுத்துக் கீழ் இலக்கங்களை எறிந்துவிட்டு, மிச்சத்திலிருந்து 0 முதல் 32767 வரை ஓர் எண்ணைத் தருகிறது. அந்த வகுத்தல் ஏன் அங்கே நிற்கிறது என்று பலர் யோசிப்பதே இல்லை.

நாமும் அப்படியே செய்துபார்க்கலாம். மீதியை விட்டுவிட்டு, 4-ஆல் வகுத்து ஈவை எடுத்தால் 7-க்கு 1, 6-க்கு 1, 1-க்கு 0, 8-க்கு 2. கட்டையில் விழுபவை 2, 2, 4, 4, 6, 2, 12, 4. பார்வைக்கு எவ்வளவோ தேவலாம். ஆனால் முழுச் சுற்றிலும் ஓர் ஒற்றைப்படை எண்கூட இல்லை. தாயம் விழவே விழாது, ஒரு காயும் இறங்காது! ஒவ்வோர் எண்ணும் தனித்தனியே சமமாக வருகிறது. அடுத்தடுத்து வருபவை மட்டும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டிருக்கின்றன. ஐபிஎம் 1960-களில் தன் கணினிகளோடு தந்த ரேண்டு என்ற நிரலுக்கும் இதே நோய்தான். அது முந்தைய எண்ணை 65539-ஆல் பெருக்கி, 2-இன் 31-ஆம் அடுக்கால் வகுத்து மீதியை எடுக்கும். அந்தப் பெருக்கெண்ணைத் தேர்ந்தெடுத்த விதத்தால், எந்த எண்ணும் அதற்கு முந்தியதின் 6 மடங்கிலிருந்து அதற்கும் முந்தியதின் 9 மடங்கைக் கழித்து, அதே அடுக்கால் வகுத்த மீதியாக அமைந்துவிட்டது. மும்மூன்று எண்களை எடுத்து முப்பரிமாண வெளியில் புள்ளிகளாக வைத்தால், வெளி முழுவதும் பரவாமல் வெறும் 15 தளங்களில் அடுக்கி வைத்ததுபோல் நிற்கும். இவ்வகை வழிமுறைகள் எல்லாவற்றுக்கும் இப்படித் தளங்களில் விழும் குணம் உண்டு என்று ஜார்ஜ் மார்சாக்லியா 1968-இல் காட்டினார். ரேண்டுவில் அது மிக மோசம். அதற்குள் எத்தனையோ ஆய்வுக் கணக்குகளை அதை வைத்துப் போட்டு முடித்துவிட்டிருந்தார்கள்.

இன்றைக்குப் பைத்தான் மொழி பயன்படுத்துவது மெர்சன் ட்விஸ்டர் என்ற வழிமுறை. 1997-இல் ஜப்பானியர்களான மகோதோ மட்சுமோதோவும் தகுஜி நிஷிமுராவும் உருவாக்கியது. அதன் சுற்றின் நீளத்தை எழுதிவைத்தால் 6,002 இலக்கங்கள் வரும். விளையாட்டுக்கும் சாதாரண ஆய்வுக்கும் இது போதும், இந்தப் பக்கம் கவலை வேண்டாம்.

தொடங்கும் எண்ணை விதை என்பார்கள். சி-யில் விதை கொடுக்காவிட்டால் எப்போதும் 1-ஐ விதையாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் புதிதாகக் கற்பவரின் விளையாட்டு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே வரிசையில் உருளும். கடிகார நேரத்தை விதையாகக் கொடுப்பது வழக்கமான மருந்து. அதை நிரலின் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை கொடுக்க வேண்டும். ஒவ்வோர் உருட்டலுக்கு முன்னும் கொடுத்தால், கடிகாரம் நொடிக் கணக்கில் நகர்வதால், அந்த நொடி முழுக்க ஒரே எண் வந்துகொண்டிருக்கும். பைத்தான் இந்த வேலையை நம்மிடம் விடுவதில்லை, இயக்குதளத்திடம் கேட்டுத் தானே விதை போட்டுக்கொள்கிறது. மாறாக, பிழை தேடும்போது விதையை நாமே 42 என்றோ வேறேதோ வைத்துக்கொள்வது பெரிய உதவி. நேற்று எந்த உருட்டலில் விளையாட்டு நின்றுபோனதோ, அதே உருட்டல் இன்றும் வரும்.

இனி எல்லைக்குள் அடக்கும் வேலை. பல மொழிகள் 0-வுக்கும் 1-க்கும் நடுவே ஒரு தசம எண்ணைத் தருகின்றன. 0 வரலாம், 1 வராது. 0.9999 வரை போகும். சாதாரணப் பகடைக்கு அதை 6-ஆல் பெருக்கு, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டு, 1 கூட்டு. 0.93 வந்தால் 5.58, வெட்டினால் 5, கூட்டினால் 6. 0.04 வந்தால் 0.24, வெட்டினால் 0, கூட்டினால் 1. எல்லை 10 முதல் 20 வரை என்றால் பெருக்க வேண்டியது 10-ஆல் அல்ல, 11-ஆல். இரண்டு முனைகளையும் சேர்த்து எண்ணினால் உள்ளே பதினொரு எண்கள் இருக்கின்றன. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 1 கூட்டு, அதனால் பெருக்கு, வெட்டு, சிறியதைக் கூட்டு. சூத்திரம் இவ்வளவுதான். அந்த 1-ஐ மறந்தால் 20 ஒருநாளும் வராது, வராததை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

வெட்டுவதற்குப் பதில் அருகிலுள்ள முழு எண்ணாக்கினால் என்ன ஆகும்? "5-ஆல் பெருக்கி, 1 கூட்டி, முழு எண்ணாக்கு" என்று எழுதுபவர்கள் உண்டு. விடை 1 முதல் 6 வரைதான் வரும், எல்லை தாண்டாது. ஆனால் 1 வர வேண்டுமானால் தசம எண் 0.1-க்குக் கீழே இருக்க வேண்டும். 2 வருவதற்கு 0.1 முதல் 0.3 வரை இடம் இருக்கிறது. முனையில் நிற்கும் 1-க்கும் 6-க்கும் நூற்றுக்குப் பத்து, நடுவில் உள்ள நான்குக்கும் நூற்றுக்கு இருபது. ஆறு விழாமல் தவிப்பவர் தன் ராசியைத்தான் நொந்துகொள்வார்.

மொழிக்கு மொழி முனை விஷயத்தில் ஒற்றுமை கிடையாது, இது எனக்கு எப்போதும் எரிச்சல் தருவது. பைத்தானின் ரேண்ட்இன்ட் 1, 6 என்று கொடுத்தால் 6-ஐயும் சேர்த்துக்கொள்ளும். அதே பைத்தானின் ரேண்ட்ரேஞ்ச் 6-ஐ விட்டுவிடும். பைத்தானோடு பலர் பயன்படுத்தும் நம்பை நூலகத்திலும் ரேண்ட்இன்ட் என்றே ஒன்று உண்டு, அது மேல் முனையைச் சேர்க்காது. எக்செலின் ரேண்ட்பிட்வீன் இரண்டு முனைகளையும் சேர்க்கும். ஜாவாவில் நெக்ஸ்ட்இன்ட் 6 என்றால் 0 முதல் 5. மனப்பாடம் செய்வதைவிட, 1 முதல் 2 வரை என்று கேட்டு இருபது முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. 2 வருகிறதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

சி எழுதுபவர்கள் தசமத்துக்குப் போகாமல் 6-ஆல் வகுத்த மீதியோடு 1 கூட்டுவார்கள். மேலே சொன்ன கீழ் இலக்கச் சிக்கல் போக, இதில் வேறொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சி நூலகம் தருவது 0 முதல் 32767 வரை, மொத்தம் 32,768 எண்கள். இது 6-ஆல் சரியாக வகுபடாது, 2 மிஞ்சும். ஆகவே 1-க்கும் 2-க்கும் 5,462 வழி, மற்ற நான்குக்கும் 5,461 வழி. பகடை ஆட்டத்தில் இந்த வித்தியாசத்தைப் பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் 20,000 டோக்கன்களில் ஒன்றைக் குலுக்கலில் எடுக்க இதே வரியை எழுதினால் கதை வேறு. 0 முதல் 19999 வரை ஒருமுறை நிரம்பிய பிறகு மிஞ்சும் 12,768 எண்கள் மறுபடியும் தொடக்கத்திலிருந்து நிரம்பும். முதல் 12,768 டோக்கன்காரர்களுக்கு மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு வாய்ப்பு. தசமத்துக்கு மாறினாலும் இது தீராது. 32,768 எண்களை 20,000 இடங்களில் சமமாகப் பங்குபோட எந்தச் சூத்திரமும் இல்லை. சிலருக்கு இரண்டும் சிலருக்கு ஒன்றும்தான் கிடைக்கும். இரண்டு கிடைத்தவர்கள் வரிசையின் தொடக்கத்தில் குவியாமல் பரவி நிற்பார்கள், அவ்வளவே வித்தியாசம்.

சரியான வழி எளிமையானது: மிஞ்சும் எண்களைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கேட்பது. பகடைக்கு 32766-ம் 32767-ம் வந்தால் வேண்டாம், அடுத்ததைக் கொடு. மீதமுள்ள 32,766 எண்கள் ஆறாகச் சமமாகப் பிரியும். நல்ல நூலகங்கள் உள்ளே இதைத்தான் செய்கின்றன. எல்லை சொல்லிக் கேட்கும் கட்டளை மொழியிலேயே இருந்தால், நாமாக மீதி எடுக்காமல் அதையே பயன்படுத்தச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கூட்டி எடுக்கும் எல்லைக்கு இன்னொரு விதி. தாயத்தில் 1 முதல் 6 வரை விழுகிறதே என்று 1 முதல் 6 வரை ஒரே ரேண்டம் எண் எடுத்தால், பன்னிரண்டு விடுபட்டுப்போவது மட்டுமல்ல, விளையாட்டின் சுபாவமே மாறிவிடும். இரண்டு கட்டையும் சேர்ந்து விழும் விதங்கள் பதினாறு. மூன்று விழ நான்கு விதம். இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று. தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்றே. தாயத்துக்காகக் காத்திருப்பதில் இருக்கும் தவிப்பு இந்த எட்டில் ஒன்று என்ற கணக்கிலிருந்து வருவது. அதை ஆறில் ஒன்றாக்கினால் காய்கள் சீக்கிரம் இறங்கிவிடும். இரண்டு கட்டையைத் தனித்தனியே 0 முதல் 3 வரை உருட்டிக் கூட்டுவதுதான் முறை.

எல்லையில் ஒன்று குறைந்தால் பணமும் போகும் என்பதற்கு 1999-இல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். இணையத்தில் காசு வைத்து ஆடும் போக்கர் ஆட்டங்களுக்கு ஏஎஸ்எஃப் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் நிரல் எழுதித் தந்திருந்தது. தங்கள் ஆட்டம் நேர்மையானது என்று காட்ட, சீட்டு கலைக்கும் பகுதியை அவர்களே வெளியிட்டார்கள். ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தார் அதை எடுத்துப் படித்தார்கள். பாஸ்கல் மொழியில் ரேண்டம் 51 என்றால் 0 முதல் 50 வரை வரும். அதோடு 1 கூட்டியிருந்தார்கள். ஆகவே 1 முதல் 51. மொத்தச் சீட்டு 52! கடைசி இடம் ஒருபோதும் தேர்வாகாது. அதைத் திருத்தினாலும் கலைத்த முறையே கோணல். ஒவ்வோர் இடத்துக்கும் முழுக்கட்டிலிருந்து ஓர் இடத்தைத் தேர்ந்து மாற்றிக்கொண்டே போனார்கள். மூன்றே சீட்டு என்று வைத்துக்கொண்டால் இப்படிப் போக 27 வழிகள், சீட்டு நிற்கக்கூடிய வரிசைகள் 6. 27-ஐ ஆறாகச் சமமாகப் பிரிக்க முடியாது. சில வரிசைகள் ஐந்து முறை, சில நான்கு முறை வரும். ஒவ்வொரு படியிலும் எல்லையை ஒன்று குறைத்துக்கொண்டே வந்தால், அதாவது முதலில் 52-இல் ஒன்று, பிறகு 51-இல் ஒன்று என்று எடுத்தால், எல்லா வரிசைகளுக்கும் சம வாய்ப்பு.

அதைவிடப் பெரிய ஓட்டை விதையில் இருந்தது. 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 8-க்குப் பின்னால் 67 சுழியம் போட்ட அளவு. அவர்கள் விதையாகக் கொடுத்ததோ நள்ளிரவு முதல் ஓடிய மில்லி நொடிகளை. ஒரு நாளைக்கு மில்லி நொடிகள் 8 கோடியே 64 லட்சம்தான். ஆக அந்த ஆட்டத்தில் வரக்கூடிய கலைப்புகளும் அவ்வளவே. சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒட்டவைத்ததும் அது ஏறத்தாழ இரண்டு லட்சமாகக் குறைந்தது. கையில் இருக்கும் இரண்டு சீட்டு, மேசையில் திறந்த மூன்று சீட்டு, இந்த ஐந்தையும் வைத்து மற்ற எல்லோர் கையிலும் என்ன இருக்கிறது என்று அந்தக் குழு ஆட்டம் நடக்கும்போதே கண்டுபிடித்துக் காட்டியது.

எனவே பணம், கடவுச்சொல், ஓடிபி என்று வந்துவிட்டால் மெர்சன் ட்விஸ்டர் உதவாது. அதிலிருந்து அடுத்தடுத்து வந்த 624 எண்களை முழுதாகப் பார்த்தவர் 625-ஆவதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அத்தகைய வேலைக்கு இயக்குதளம் தரும் எண்களைக் கேட்க வேண்டும். வன்பொருளின் நிகழ்வுகள் வந்துசேரும் நேரங்களில் உள்ள சின்னச் சின்ன ஒழுங்கின்மைகளை அது சேர்த்துவைத்துக்கொண்டே இருக்கிறது. பைத்தானில் அதற்கென்றே சீக்ரெட்ஸ் என்ற தொகுப்பு உண்டு. எல்லைக்குள் எண் தரும் கட்டளையும் அதில் இருக்கிறது.

எழுதிய வரி சரிதானா என்று பார்க்க, பகடையை 60,000 முறை உருட்டவிட்டு எண்ணலாம், கணினிக்கு அது கண் சிமிட்டும் நேரம். ஒவ்வொரு பக்கமும் 10,000-ஐ ஒட்டி வர வேண்டும். 9,850 வந்தாலும் 10,150 வந்தாலும் பதற வேண்டாம், 200 வரை ஏறி இறங்குவது இயல்பு. ஆறு பக்கமும் பிசகாமல் 10,000 வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இந்த எண்ணிக்கை முனைத் தவறுகளைப் பிடிக்கும், முழு எண்ணாக்கும் தவறைப் பிடிக்கும். வரிசையில் உள்ள கோளாறைப் பிடிக்காது. 3, 2, 1, 0 என்று திரும்பத் திரும்ப வந்த நம் பொம்மையும் இந்தத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிவிடும். அதற்கு இரண்டிரண்டாக எண்ண வேண்டும். 6-க்குப் பின் 6, 6-க்குப் பின் 1 என்று 36 ஜோடிகள். ஒவ்வொன்றும் 1,667 முறையை ஒட்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரேண்டு போன்ற ஒன்று அதிலும் தப்பித்துவிடலாம், அதைப் பிடிக்க மும்மூன்றாக எண்ணியாக வேண்டும்.